கோப்பையும் திறப்பும்: ஸ்கார்பரோவில் ஒரு நான்கு வயதுக் குழந்தையின் இருமொழிச் சொற்தொகை குறித்த நிகழ்வு ஆய்வு

கனடாவின் டொரான்டோ நகரில் ஸ்கார்பரோ பகுதியில் பாலர் வயதுக் குழந்தைகளுக்கான பேச்சு மொழிச் சிகிச்சையாளராகப் பணியாற்றி வருகிறேன். நான் திருச்சிக்காரி. என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்புப் பகுதிகளிலிருந்து வந்தவை. இந்த வேறுபாடு கீழே சொல்லப்படும் நிகழ்வில் ஒரு பங்கு வகிப்பதால் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறேன். பெற்றோரின் இசைவோடு எழுதும் இக்கட்டுரையில், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

பெண் குழந்தை, 2018 டிசம்பரில் டொரான்டோவில் பிறந்தவள். தந்தை கிடங்கு ஒன்றில் இரவுப் பணி செய்பவர். தாய் திருமணத்துக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கடைக்கும் மருந்தகத்துக்கும் போய்வர வேண்டிய அளவுக்கு ஆங்கிலம் பேசுவார். தாயின் தாய், அதாவது அம்மம்மா, பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிகளுக்கும் 2011-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வரும் சூப்பர் விசாவில் 2019-இன் இறுதியில் வந்தார். சில மாதங்களில் பெருந்தொற்று வந்து வானூர்திகள் நின்றுபோனதால், அவரது தங்கல் நீண்டது. குழந்தையின் ஒன்றேகால் வயது முதல் ஏறக்குறைய மூன்றரை வயது வரை வீட்டுக்கு வெளியே உலகம் என்று ஒன்று அவளுக்கு அனேகமாக இல்லை. அம்மம்மாவின் மடி, குசினி, பால்கனி, கைப்பேசியின் திரை ஆகியவைதான் இருந்தன.

2022-இன் தொடக்கத்தில், குழந்தையைப் பார்த்த ஒரு மருத்துவ நிலையத்தில், "செப்டம்பரில் பள்ளிக்குப் போக வேண்டும், இரண்டு மொழியானால் குழம்பிவிடுவாள், வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள்" என்று தாய்க்கு அறிவுரை கிடைத்தது. தாய் அதை அப்படியே பின்பற்றினார். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாததால் அவர் மட்டும் தமிழில் தொடர்ந்தார். ஆனால் "அவளோடை கனக்கக் கதைக்காதேங்கோ அம்மா" என்று மகள் சொன்ன பிறகு, அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஒன்டாரியோ மாகாணத்தில், நான்கு வயது நிறைவடையும் ஆண்டின் செப்டம்பரிலேயே குழந்தைகள் ஜூனியர் கிண்டர்கார்டன் சேரலாம். அதன்படி இவள் 3 வயது 9 மாதத்தில் பள்ளிக்குப் போனாள். ஆறு வாரம் கழித்தும் வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்றும், எளிய கட்டளைகளையும் மற்ற பிள்ளைகளைப் பார்த்துத்தான் செய்கிறாள் என்றும் ஆசிரியை எழுதிய குறிப்புடன் 2022 நவம்பரில் என்னிடம் அனுப்பப்பட்டாள்.

முதல் சந்திப்பில் கண்டவை

செவித்திறன் சோதனை ஏற்கெனவே முடிந்து, இரு காதுகளும் சரியாக இருப்பது உறுதியாகியிருந்தது. நான் முதலில் செய்தது பீபாடி படச்சொல் தேர்வு. 1959-இல் அமெரிக்காவில் முதலில் வெளியாகி, பலமுறை திருத்தப்பட்டுப் பரவலாகப் பயன்படும் தேர்வு இது. நான்கு படங்களைக் காட்டி ஒரு சொல்லைச் சொல்வோம். குழந்தை சரியான படத்தைத் தொட வேண்டும். ஒரே வயதுக் குழந்தைகளின் சராசரி 100 என்றும், அதிலிருந்து 15 புள்ளி ஏற்ற இறக்கம் வழக்கமானது என்றும் கணக்கிடப்படும் அளவையில், இவள் பெற்றது 72. ஆங்கிலம் மட்டுமே பேசும் குழந்தை ஒருத்தி இந்த எண்ணைப் பெற்றால், மொழி வளர்ச்சிக் குறைபாட்டை ஐயுற்று மேற்கொண்டு ஆராயத் தொடங்குவோம்.

அடுத்து தமிழில் பார்த்தேன். கனடாவில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கென நெறிப்படுத்தப்பட்ட படச்சொல் தேர்வு எதுவும் என் கையில் இல்லாததால், அன்றாடப் பொருள்களின் 60 படங்களைக் கொண்ட ஒரு பட்டியலை நானே சில ஆண்டுகளாக வைத்திருந்தேன். படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பதும், பெயர் வராவிட்டால் நான் பெயரைச் சொல்லிக் காட்டச் சொல்வதும் முறை. அவள் மெல்லிய குரலில் பதில் சொன்னாள், சிலவற்றுக்குத் தோளைக் குலுக்கினாள். 31 படங்களுக்குச் சரியென்று குறித்தேன். தமிழிலும் பாதிதான் வருகிறது என்று நினைத்து, ஐயம் வலுத்த நிலையில் அன்றைய குறிப்பை முடித்தேன்.

வீட்டுக்குச் சென்றபோது

அடுத்த வாரம் வீட்டுக்குப் போனேன். அங்கே கண்ட முதல் காட்சியிலேயே என் பட்டியல் சரிந்தது. அம்மம்மா "திறப்பை எடுத்து லாச்சியுக்குள்ளை வை குஞ்சு" என்றார்; குழந்தை சாவியை எடுத்து மேசையின் இழுப்பறைக்குள் வைத்தாள். முந்தைய வாரம் நான் சாவிப் படத்தைக் காட்டிக் கேட்டபோது அவள் வாயசைத்தாள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, பிறகு "சாவி எது?" என்று கேட்டபோது விழித்தாள், நான் தவறென்று குறித்தேன். சாவி என்ற சொல்லை அவள் பிறந்ததிலிருந்து ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை.

படங்களை எடுத்து அம்மம்மாவின் முன்னிலையில் மறுபடி பார்த்தோம். நாற்காலி அவளுக்குக் கதிரை, துண்டு துவாய், ஷூ சப்பாத்து, வேர்க்கடலை கச்சான், ரொட்டி பாண், துடைப்பம் தும்புத்தடி. இவற்றில் சிலவற்றை நான் அறிந்திருந்தும், தேர்வு வேளையில் காது பழகிய சொல்லுக்காகவே காத்திருந்தது. எல்லாவற்றிலும் மோசமானது கோப்பை. தேநீர்க் கோப்பையை மனத்தில் வைத்து "கோப்பையைக் காட்டு" என்று கேட்டிருந்தேன். அவள் சாப்பாட்டுத் தட்டைத் தொட்டாள். நான் தவறு போட்டேன். அம்மம்மா சிரித்துக்கொண்டே, "பிள்ளை, கோப்பை எண்டால் நாங்கள் சோறு சாப்பிடுறது. நீங்கள் கேக்கிறது பேணி" என்று எனக்குப் பாடம் எடுத்தார். அவள் சரியாகச் சொன்ன ஒன்றைத் தமிழ் தெரிந்த நானே தவறாக்கியிருக்கிறேன் என்றால், தமிழ் தெரியாத ஒருவரின் மதிப்பீட்டில் என்ன நடந்திருக்கும் என்ற எண்ணம் திரும்பி வரும் வழியெல்லாம் என்னை உறுத்தியது.

திருத்திய கணக்கில் தமிழில் 42 படங்கள் சரி. அதே படங்களுக்கு ஆங்கிலப் பெயர் கேட்டபோது 19 வந்தன. இரண்டு மொழியிலும் பெயர் தெரிந்தவை 12. எனவே ஏதாவது ஒரு மொழியிலாவது பெயர் தெரிந்த பொருள்கள் 49. (பஸ், கேக் போன்றவை எந்த மொழிச் சொற்கள் என்று ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பயனில்லை, அவற்றை இரண்டிலும் கணக்கிட்டேன்.) மயாமியில் ஸ்பானிய-ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த பார்பரா பியர்சனும் அவருடன் பணியாற்றியோரும் 1993-இல் முன்வைத்த முறை இது: ஒவ்வொரு மொழியின் சொற்களையும் தனித்தனியே எண்ணாமல், குழந்தைக்கு எத்தனை கருத்துகளுக்குப் பெயர் தெரியும் என்று எண்ண வேண்டும். தனி மொழியில் எண்ணினால் பின்தங்கியவர்களாகத் தோன்றும் இருமொழிக் குழந்தைகள், இப்படி எண்ணும்போது ஒருமொழிக் குழந்தைகளோடு ஒப்பிடத்தக்கவர்களாகவே இருந்தார்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் தெரிந்த அந்த ஏழு பொருள்களையும் பார்த்தால், பசை, கத்தரிக்கோல், முக்கோணம், டைனோசர் என்று எல்லாமே வகுப்பறையில் கிடப்பவை. தமிழில் மட்டும் தெரிந்த முப்பதும் குசினியிலும் குளியலறையிலும் படுக்கையிலும் இருப்பவை. இதற்கும் ஓர் ஒப்பீடு உண்டு. டொரான்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் எலன் பியாலிஸ்டாக் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 10 வயது வரையிலான 1,738 குழந்தைகளின் ஆங்கிலப் படச்சொல் மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். எல்லா வயதிலும் இருமொழிக் குழந்தைகளின் சராசரி குறைவாக இருந்தது. ஆனால் ஆறு வயதுக் குழந்தைகளின் விடைகளைச் சொல்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்தக் குறை வீட்டில் புழங்கும் சொற்களில்தான் இருந்ததே தவிரப் பள்ளிச் சொற்களில் இல்லை. வீட்டுச் சொல்லை வேறு மொழியில் வைத்திருக்கும் குழந்தையிடம் அதை ஆங்கிலத்தில் கேட்டால், இல்லை என்றுதான் விடை வரும்.

வினைச்சொற்கள் வேறொன்றைக் காட்டின. என் பட்டியல் முழுவதும் பெயர்ச்சொற்கள்தான். ஆனால் அன்று அம்மம்மாவோடு அடுப்படியில் நின்ற குழந்தை, முட்டையை "அவிக்கிறது" என்றும், அப்பளத்தைப் "பொரிக்கிறது" என்றும், மிளகாயை "வறுக்கிறது" என்றும், கடுகு வெடித்தபோது "தாளிக்கிறா" என்றும் பிரித்துச் சொன்னாள். ஆங்கிலத் தேர்வில் இவை நான்குக்கும் சேர்த்துச் சமைத்தல் என்ற ஒரே படம்தான் வருகிறது. அந்தப் படத்துக்கு அவள் பதில் சொல்லவில்லை.

புழக்கத்தை அளந்தது

ஒரு வாரத்தை அரைமணிக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் குழந்தையோடு யார், எந்த மொழியில் என்று தாயோடு உட்கார்ந்து எழுதினேன். விழித்திருக்கும் நேரம் வாரத்துக்கு ஏறத்தாழ 90 மணி. பள்ளி 32, ஆங்கிலத் திரை 10, தாயின் ஆங்கிலம் 8, மிச்சம் 40 தமிழ். தாளில் ஆங்கிலம் 55 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆங்கிலப் புழக்கம் 60 விழுக்காட்டை எட்டிய இருமொழிக் குழந்தைகளை ஒருமொழிக் குழந்தைகளின் அளவையால் அளக்கலாம் என்று பிளிமத் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் பரிந்துரைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறாளே, அப்படியானால் 72 என்பது மெய்யான குறைதானோ என்று ஒரு நாள் முழுக்கத் தடுமாறினேன்.

தடுமாற்றம் தீர்ந்தது, இரண்டு விஷயங்களை எண்ணிப் பார்த்த பிறகுதான். முதலாவது, இந்த 55 விழுக்காடு என்பது கடந்த பத்து வாரங்களின் நிலவரம். பள்ளியில் அவள் கழித்தது மொத்தம் 320 மணி. பிறந்ததிலிருந்து விழித்திருந்த நேரமோ 16,000 மணி அளவில் வரும், அதில் மிகப் பெரும்பகுதி தமிழ். இரண்டாவது, காதில் விழும் மொழியும் தன்னை நோக்கிப் பேசப்படும் மொழியும் ஒன்றல்ல. ஒன்டாரியோவின் முழுநாள் பாலர் வகுப்பில் சராசரியாக 26 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு குழந்தைப் பருவக் கல்வியாளரும் இருக்கிறார்கள். பேசாத குழந்தையிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது வகுப்பறையின் இயல்பு. திரையோ பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

எட்டு மணி நேரத் தாயின் ஆங்கிலத்தில் என்ன இருந்தது என்பதை அறிய, இரவு உணவு வேளைகள் இரண்டைத் தாய் ஒலிப்பதிவு செய்து தந்தார். தாய் ஆங்கிலத்தில் பேசிய 20 நிமிடங்களில் வந்த வெவ்வேறு சொற்கள் 38. பெரும்பாலும் வா, உட்கார், சாப்பிடு, தொடாதே, சீக்கிரம் என்ற ஏவல்கள். இடையில் நீண்ட மௌனம். அம்மம்மா தமிழில் பேசிய 20 நிமிடங்களில், திரிபுகளை ஒரே சொல்லாக எண்ணியும், 143. அதில் பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈன்ற கதையும், மீன் முள்ளை எப்படி எடுப்பது என்பதும், "ஏன்?" என்று குழந்தை கேட்ட ஒன்பது கேள்விகளும் இருந்தன. ஒலிப்பதிவைச் சேர்ந்து கேட்டபோது தாய் சொன்னதை அன்றே எழுதி வைத்தேன்: "இங்கிலிஷிலை கதைச்சால் என்ரை பிள்ளையோடை கதைக்க எனக்கு ஒண்டும் இல்லை, மிஸ்."

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மொழிக் குறைபாடு என்று பெயர் சூட்டாமல் ஆறு மாதம் கண்காணிப்பது. படங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அப்படி முடிவெடுக்கவில்லை. ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் யோஹான் பாராடிஸ் குழுவினர் உருவாக்கிய பெற்றோர் வினாநிரல், குழந்தையின் முதல் மொழி வளர்ச்சியைப் பற்றிக் கேட்பது. அதன் போக்கிலேயே கேட்டேன். முதல் சொல் 13 மாதத்தில், இரு சொல் தொடர்கள் இரண்டு வயதுக்கு முன்பே, குடும்பத்தில் பேச்சுக் குறைபாடு எவருக்கும் இல்லை. கூடவே புனல், அரம், கொக்கி, சல்லடை, நங்கூரம் என அவளுக்குப் பெயர் தெரியாத ஐந்து பொருள்களைக் கொண்டுபோய், விளையாட்டாக இரு அமர்வுகளில் கற்பித்தேன். ஒரு வாரம் கழித்து நான்கின் பெயரைத் தானாகச் சொன்னாள். சொல்லைப் பற்றிக்கொள்ளும் திறனில் பழுதில்லை; பற்றிக்கொள்ள அவளுக்குக் கிடைத்த சொற்கள்தான் மொழிக்கு மொழி வேறுபட்டிருந்தன.

இரண்டாவது, வீட்டில் ஆங்கிலம் என்ற அறிவுரையைத் திரும்பப் பெறுவது. இதைத் தந்தை எளிதில் ஏற்கவில்லை. "தமிழ் எங்கையும் ஓடிப்போகாது, மிஸ். இங்கிலிஷ் இல்லாட்டி இவள் வகுப்பிலை பின்னுக்கு நிண்டிடுவாள்" என்றார். இரவெல்லாம் பெட்டி தூக்கிவிட்டு, மேலாளரின் ஆங்கிலத்துக்குப் பதில் சொல்லத் தடுமாறும் ஒருவரின் அச்சம் அது. அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெல்ஜியத்தின் பிளெமிஷ் பகுதியில் 1,899 குடும்பங்களை ஆராய்ந்து அன்னிக் டெ ஹவுவர் 2007-இல் வெளியிட்டதைச் சொன்னேன்: வீட்டில் இன்னொரு மொழி பேசப்பட்டும், ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை அந்த மொழியைப் பேசவில்லை, பெரும்பான்மை மொழியைப் பேசாத குழந்தைகளைக் காண்பதுதான் அரிது. ஓடிப்போகக்கூடியது தமிழ்தான், ஆங்கிலமல்ல என்பதே அதன் பொருள். மேலும், தாய்மொழியாகக் கொண்டோர் பேசும் ஆங்கிலம், அப்படியல்லாதோர் பேசும் ஆங்கிலத்தைக் காட்டிலும் குழந்தையின் ஆங்கிலச் சொற்தொகைக்கு அதிகம் உதவுகிறது என்று தென் ஃபுளோரிடாவில் சில்வியா பிளேஸ், எரிகா ஹோஃப் ஆகியோர் 2011-இல் காட்டியிருக்கிறார்கள். தந்தை நான்கு மாதம் பார்க்கலாம் என்று மட்டும் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது, வகுப்பில் வாசிக்கப்படப் போகும் படக்கதைப் புத்தகத்தை ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஆசிரியையைக் கேட்டேன். தாய் அந்தப் படங்களைப் பார்த்துத் தமிழில் கதை சொல்ல வேண்டும். கதை தெரிந்த பின் வகுப்பில் ஆங்கிலச் சொல் வரும்போது அதைத் தொங்கவிட ஒரு கொக்கி இருக்கும். ஆசிரியை மகிழ்ச்சியோடு செய்தார்.

தொடர்ந்து நடந்தவை

டிசம்பரில் பள்ளிக்கு நான் எழுதிய கடிதத்தில், விளக்கங்கள் எல்லாவற்றோடும் 72 என்ற எண்ணையும் எழுதினேன். நான்கு பக்கத்தில் அந்த எண் மட்டுமே படிக்கப்பட்டது. ஜனவரி இறுதியில்தான் தெரிந்தது: நாள்தோறும் சுதந்திர விளையாட்டு வேளையில் அவளைத் தனியே அழைத்து, ஆங்கிலச் சொல் அட்டைகளைப் பயிற்றுவித்துவந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சக பிள்ளைகளின் ஆங்கிலம் அவளை நோக்கி வரக்கூடிய ஒரே நேரம் அதுவாகத்தான் இருந்தது. கடிதத்தைத் திருத்தி, நேரில் பேசிய பிறகு அது நிறுத்தப்பட்டது.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் வகுப்பில் முதல் ஆங்கிலம் வந்தது. மணல் மேசையருகே இன்னொரு பிள்ளை வாளியை இழுத்தபோது, "என்னுடைய முறை" என்று ஆங்கிலத்தில் சொன்னாளாம். அதன்பின் முழுத் தொடர்களாகவே பல வந்தன. பிரிக்காமல் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் தொடர்கள். இரண்டாம் மொழியைக் கற்கும் பாலர்களிடம் மௌனத்துக்குப் பிறகு வழக்கமாகக் காணும் படிநிலைதான் இது.

2023 மே மாதத்தில், 4 வயது 5 மாதத்தில் மறுபடி பார்த்தோம். தமிழ் 47, ஆங்கிலம் 36, இரண்டிலும் 27, மொத்தக் கருத்துகள் 56. ஆங்கிலப் படச்சொல் தேர்வின் மாற்றுப் படிவத்தில் 80. தந்தை அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதே மாதத்தின் கடைசியில் அம்மம்மா ஊர் திரும்பினார். தமக்கை நோயுற்றிருந்தார், திரும்பிவரும் நாள் முடிவாகவில்லை. தாய் முழுநேர வேலைக்குச் சேர்ந்தார். கோடை விடுமுறையில் குழந்தை ஆங்கிலம் பேசும் பகல்நேரப் பராமரிப்பு வீட்டில் விடப்பட்டாள். இவை எதையும் நான் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை. அடுத்த சந்திப்புக்கு ஆறு மாதம் கழித்து நாள் குறித்துவிட்டு, அவளது கோப்பினை மூடியிருந்தேன்.

2023 நவம்பரில் ஆங்கிலம் 47 ஆகியிருந்தது, தேர்வில் 86. தமிழ் 47-இலிருந்து 35-க்கு இறங்கியிருந்தது. கருத்துகளின் மொத்தம் 57 என்பதால், மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகவே தெரியும். கருத்துச் சொற்தொகை என்ற அளவுகோலின் குறை இது. குறைபாட்டை ஐயுறும்போது கைகொடுக்கும் அந்த அளவுகோல், ஒரு மொழி தேய்வதைக் காட்டாது. சாவிப் படத்துக்கு இப்போது ஆங்கிலப் பெயரைச் சொன்னாள். "திறப்பு எது?" என்று கேட்டால் உடனே தொட்டாள். மே மாதத்தில் பெயர் சொல்லி, இப்போது சொல்லாமல் விட்ட சொற்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கேட்டுப் புரிந்துகொண்டாள். வாய்க்கு வருவதுதான் நின்றிருந்தது.

வாரக் கணக்கை மறுபடி எழுதினோம். 90 மணியில் தமிழ் 14, அதாவது 16 விழுக்காடு. ஒரு மொழியின் பங்கு ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால், குழந்தைகள் அதைப் பேசத் தயங்குவதை மயாமி ஆய்வாளர்கள் 1997-இல் குறித்திருந்தார்கள். இது மாறாத எல்லைக்கோடு அல்ல என்றாலும், எங்கள் கணக்கு அதற்குக் கீழேதான் இருந்தது.

அம்மம்மா நாள்தோறும் காணொளியில் அழைக்கத்தான் செய்தார். அழைப்புகளில் நடந்ததைக் கேட்டபோது, "சாப்பிட்டியோ? பள்ளிக்கூடம் போனியோ? அம்மா எங்கை?" என்ற மூன்று கேள்விகள், மூன்று ஒற்றைச் சொல் விடைகள், பிறகு குழந்தை ஓடிவிடுவாள். பதிவுசெய்த காணொளியிலிருந்து கற்காத இரண்டு வயதுக் குழந்தைகளும், எதிர்முனையில் இருப்பவர் தமக்குப் பதில் தரும் நேரடிக் காணொளி உரையாடலிலிருந்து நேரில் கற்பதைப் போலவே புதிய வினைச்சொற்களைக் கற்றதை சாரா ரோஸ்பெரி குழுவினர் 2014-இல் காட்டியிருந்தார்கள். ஆகவே அழைப்பை விடுவதைவிட அதன் உள்ளடக்கத்தை மாற்றுவது என்று முடிவுசெய்தோம். டொரான்டோவில் சனிக்கிழமை இரவு ஏழரை மணி என்றால் குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஞாயிறு காலை ஆறு. அம்மம்மா கைப்பேசியோடு முற்றம் கூட்டினார், கோழிக்கூட்டைத் திறந்தார், கிணற்றில் வாளியை இறக்கினார். குழந்தை கேள்வி கேட்கத் தொடங்கினாள். வார நாள்களில் புட்டு அவிக்கும்போது ஒருமுறை, தாயும் கூட இருக்க, அழைப்பு. தந்தை இரவுப் பணிக்குக் கிளம்புமுன் இருக்கும் அரைமணியில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மகளோடு பேசுவதாகத் தாமே முன்வந்து சொன்னார். கணக்கு 24 மணிக்கு ஏறியது.

2024 மே மாதத்தில், 5 வயது 5 மாதத்தில் தமிழ் 44, ஆங்கிலம் 53, இரண்டிலும் 38, மொத்தம் 59. ஆங்கிலத் தேர்வு 91. ஆசிரியைக்கு அவளைப் பற்றிய முறைப்பாடு இப்போது வேறு: வகுப்பில் அதிகம் பேசுகிறாள். அவளது கோப்பினை முறையாக முடித்துக்கொண்டோம்.

இனி மாற்றிச் செய்பவை

என் பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் தமிழ்நாடு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு வழக்குகளில் புழங்கும் பெயர்களை அந்தந்த ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதிச் சேர்த்திருக்கிறேன். தேர்வுக்கு முன், வீட்டில் அந்தப் பொருளை என்னவென்று சொல்வார்கள் எனப் பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு நிரலும் உண்டு. அலுவலகத்தில் தேர்வு வைப்பதற்கு முன் வீட்டுக்குப் போய்விடுகிறேன். இயலாதபோது உணவு வேளை ஒலிப்பதிவையாவது கேட்டு வாங்குகிறேன்.

புழக்கக் கணக்கை மொழிவாரியாக எழுதுவதை விட்டு, ஆள்வாரியாக எழுதுகிறேன். இந்தக் குழந்தையின் தமிழில் பெரும்பகுதி ஒரே ஒருவரிடமிருந்து வந்தது. அவருடைய விசாவில் தங்கும் காலம் எவ்வளவு என்று முதல் நாளே நான் கேட்டிருந்தால், மே மாதத்துக்கும் நவம்பருக்கும் இடையில் என்ன நடக்கப்போகிறது என்பது தெரிந்திருக்கும். இப்போது அந்தக் கேள்வி என் முதல் படிவத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கு எழுதும் கடிதங்களில், குழந்தை அந்த மொழியைக் கேட்ட காலத்தைச் சொல்லாமல் தேர்வு எண்ணை எழுதுவதில்லை. பல வேளைகளில் எண்ணையே எழுதுவதில்லை.

வினைச்சொற்களுக்கு இன்னும் வழி செய்யவில்லை. உடுத்துவது, கட்டுவது, பூசுவது, பொட்டு வைப்பது என்று தமிழ் பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் அணிதல் என்ற ஒன்றில் அடக்கும்போது, ஒரு குழந்தைக்கு எத்தனை கருத்துகள் என்று எண்ணுவது எப்படி என்பதில் என் சக பணியாளர்களோடு எனக்கு இன்னும் கருத்து ஒத்துவரவில்லை. அடுப்படிச் செயல்கள் பன்னிரண்டைப் படமாக வரைந்து வைத்திருக்கிறேன். அவிப்பதற்கும் வேகவைப்பதற்கும் தனித்தனிப் படம் வேண்டுமா என்று அம்மம்மாவிடம் காணொளியில் கேட்டபோது, "எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான் பிள்ளை, உங்கடை ஊரிலை எப்பிடி?" என்று திருப்பிக் கேட்டார்.